ஐம்பத்து மூன்றுக்குக் கீழே இறங்காமல்

என் தம்பியை நான்தான் பட்டினி போட்டுக்கொண்டிருந்தேன் என்பது ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை என்னைப் போலப் பத்தியம் பார்த்துச் சமைக்கிற அக்கா இந்தப் புனேயிலேயே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தம்பிக்கு ஆகுர்டியில் வண்டித் தொழிற்சாலையில் வேலை. நாக்கின் ஓரத்தில் வந்த புற்றுக்கு ஆபரேஷன் முடிந்து, கதிர்வீச்சு சிகிச்சைக்காக ஔந்தில் என் ஃப்ளாட்டுக்கு வந்து தங்கியிருந்தான். குடும்பம் என்று அவனுக்கு இருப்பது நான், எனக்கு இருப்பது அவன். சிகிச்சை தொடங்கி மூன்று வாரத்தில் வாயெல்லாம் புண்ணாகிவிட்டது. எதையும் மெல்ல முடியவில்லை. உப்பு எரிந்தது, புளி எரிந்தது. இட்லியைப் பிசைந்து கொடுத்தால் கூட மண்ணை விழுங்குவது மாதிரி இருக்கிறது என்றான்.

நம் வீடுகளில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் என்ன செய்வோம்? நெய்யை நிறுத்துவோம். தயிரை நிறுத்துவோம். இனிப்பைக் கண்ணில் காட்ட மாட்டோம். நீர்க்கக் கஞ்சி, தெளிவாக ரசம், வெண்ணெய் எடுத்த மோர். உப்பையும் புளியையும் குறைத்து நானும் அதையேதான் டம்ளர் டம்ளராகக் கொடுத்தேன். பருப்புத் தண்ணீரில் ஒரு சொட்டு எண்ணெய் மிதந்தாலும் ஸ்பூனால் எடுத்துவிட்டுத்தான் நீட்டுவேன். அவனும் சமர்த்தாகக் குடித்தான். குடித்துக் குடித்து வயிறு உப்பியது, கன்னம் ஒட்டியது.

ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமைதோறும் எடை பார்ப்பார்கள். வந்தபோது அறுபது கிலோ இருந்தவன், நாலாவது திங்களன்று ஐம்பத்து மூன்று கிலோ இருநூறு கிராம் இருந்தான். அடுத்த வாரம் ஐம்பத்து மூன்றுக்குக் கீழே இறங்கினால் மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு கொடுக்கலாம் என்றார் டாக்டர். எத்தனையோ பேரைக் காப்பாற்றுகிற குழாய் அது, எனக்கும் தெரியும். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு அதைப் போட்டிருந்த நாட்களில் தம்பி பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவள் நான். வராந்தாவுக்கு வந்ததும் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, மறுபடி அந்தக் குழாய் வேணாம். அதைப் போட்டாங்கன்னா நான் இங்க வரவே மாட்டேன். மிச்ச ட்ரீட்மென்ட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"வாயை மூடுடா" என்றேன், வாயைத் திறக்கவே கஷ்டப்படுகிறவனிடம். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். சிகிச்சை இன்னும் இரண்டு வாரம் பாக்கி. அதைப் பாதியில் விட்டால் இதுவரை பட்டதெல்லாம் வீண். அவனோ சொன்னால் சொன்னதுதான், எங்கள் அப்பாவைப் போலவே அழுத்தக்காரன்.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் எங்களை டயட்டீஷியன் அறைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தது இருபத்தைந்து வயதுகூட ஆகாத மராத்திப் பெண். என்னென்ன கொடுக்கிறீர்கள் என்று ஹிந்தியில் கேட்டாள். நான் பள்ளிக்கூட டீச்சர் இல்லையா, வரிசையாக, பெருமையாக ஒப்பித்தேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு பேனாவைக் கீழே வைத்தாள். "மேடம், நீங்கள் கொடுத்தது எல்லாமே தண்ணீர்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. சண்டை பிடிக்கலாமா என்றுகூட யோசித்தேன். அவள் இடம் கொடுக்கவில்லை. இவர் வயிற்றில் கொஞ்சம்தான் இடம் இருக்கிறது, அதைத் தண்ணீரால் அடைக்காதீர்கள் என்றாள். நெய், வெண்ணெய், க்ரீம், பால் பவுடர், நிலக்கடலை என்று அடுக்கினாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சின்னக் கிண்ணம். சூடு, காரம், கட்டி மூன்றும் கூடாது. இவருக்குச் சர்க்கரை வியாதி இல்லை, கொலஸ்ட்ரால் இல்லை, கை நடுங்காமல் நெய்யை ஊற்றுங்கள் என்றாள்.

நெய்யை ஊற்றுவதா! இத்தனை நாள் பூட்டி வைத்ததையெல்லாம் எடுத்துக் கொடு என்கிறாளே! எனக்கு அப்போது வந்த உற்சாகத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. போகிற வழியிலேயே ஒரு டெய்ரி வாசலில் ஆட்டோவை நிறுத்தினேன். நெய், க்ரீம், கோவா, பால் பவுடர் வாங்கினேன். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு எடுக்கிற கெட்டித் தயிரை இங்கே சக்கா என்பார்கள், அதிலும் அரைக் கிலோ. வீட்டில் கல்யாணமா என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்றேன்.

பள்ளிக்கு ஒரு வாரம் லீவு போட்டேன். ஃப்ரிட்ஜ் கதவில் கால அட்டவணை ஒட்டினேன், காலை ஏழு மணி முதல் இரவு ஒன்பது வரை எட்டு பீரியட். முதல் பீரியட்டில் சப்போட்டாவைத் தோலும் விதையும் எடுத்து, பால், க்ரீம், இரண்டு ஸ்பூன் பால் பவுடர் போட்டு மிக்ஸியில் அடித்து, வடிகட்டிக் குளிர வைத்துக் கொடுத்தேன். ஒரு டம்ளரைக் குடிக்க அவனுக்கு அரை மணி நேரம் ஆனது. நான் எதிரே உட்கார்ந்து அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்படிடா இருக்கு?"

"ருசி ஒண்ணும் தெரியலக்கா. ஆனா எரியல."

எரியவில்லை! நான் சமையலறைக்குள் ஓடிப்போய் அடுத்த பழத்தை உரிக்க ஆரம்பித்துவிட்டேன்.

உற்சாகத்தில் புத்தி மட்டுப்பட்டுவிடும் போலிருக்கிறது. மராத்தி வீடுகளில் வறுத்த நிலக்கடலைப் பொடி எப்போதும் டப்பாவில் இருக்கும். புதன்கிழமை எதிர் வீட்டு அம்மாவிடம் ஒரு கிண்ணம் வாங்கி ராகிக் கஞ்சியில் தாராளமாகக் கலந்தேன். அதைச் சலிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. குருணை ஒவ்வொன்றும் புண்ணில் போய் ஒட்டிக்கொண்டது. அவன் கண்ணில் தண்ணீர் கொட்டியது. மாலை வரை எதைக் கொடுத்தாலும் தலையை ஆட்டிவிட்டான். நாலு கிண்ணம் போய்விட்டதே என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

பொடி எப்படி இருந்தது என்று விசாரிக்க வந்த எதிர் வீட்டு அம்மா விஷயத்தைக் கேட்டார். திரும்பிப் போய் ஒரு மணி நேரத்தில் கிண்ணத்தோடு வந்தார். குழையக் குழைய வேகவைத்த சோறு, மேலே நெய் குளமாக நின்றது. எங்கள் வீடுகளில் காய்ச்சல்காரருக்கு இதுதான் என்றார். காய்ச்சல்காரருக்கு நெய்யா! பத்து வருஷமாக எதிரெதிர் கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால் நோயாளிக்கு நெய்யை ஊற்றியிருக்கிறார்கள், இந்தக் கதவுக்குப் பின்னால் நான் நெய்யை வழித்து எறிந்திருக்கிறேன். வெட்கமாகவும் இருந்தது, அதை உடனே அவனுக்கு ஊட்டிவிடத் தாங்க முடியாத ஆசையாகவும் இருந்தது. சோற்றில் பால் விட்டு மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றி ஆற வைத்தேன். பாதிக் கிண்ணம் உள்ளே போயிற்று. மீதிப் பாதி இரவு ஒன்பது மணிக்குப் போயிற்று.

அதற்குப் பிறகு எங்கள் இரண்டு சமையலறைக்கும் போட்டி வந்துவிட்டது. அவர் பாலைச் சுண்டக் காய்ச்சி பாஸுந்தி அனுப்பினால், நான் பாசிப்பருப்பைக் கடைந்து வெண்ணெய் போட்டு வடிகட்டினேன். அவர் சக்காவில் சர்க்கரை சேர்த்து ஸ்ரீகண்ட் செய்து தந்தார். அது கொஞ்சம் புளித்தது, க்ரீம் கலந்ததும் அடங்கிவிட்டது. கேரட் சூப்பில் க்ரீம், வாழைப்பழத்தில் வழவழப்பான பீநட் பட்டர், கஸ்டர்டில் கோவா. எதைப் பார்த்தாலும் இதில் எத்தனை ஸ்பூன் நெய் ஒளித்து வைக்கலாம் என்றே என் புத்தி ஓடியது.

"ஏன்க்கா, வண்டிக்கு ஊத்துற மாதிரி ரெண்டு மணிக்கொரு தடவை பெட்ரோல் ஊத்துறியே?"

"பேசாம குடிடா. டேங்க் இன்னும் ரொம்பல."

அவன் சிரித்தான். சிரித்ததில் உதடு வெடித்து வலித்தது, அப்படியும் சிரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் முடியவில்லை. மூன்றாவது கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். குடித்தால்தான் ஆயிற்று என்று கத்தினேன். பால்கனிக்குப் போய் நன்றாக அழுதேன். முகம் கழுவிவிட்டு வந்து, அதே கிண்ணத்தைக் குளிர வைத்து, ஒவ்வொரு ஸ்பூனாக ஊட்டினேன். நாற்பத்தெட்டு வயதுத் தம்பி குழந்தை மாதிரி வாயைத் திறந்தான்.

திங்கட்கிழமை எடை பார்க்கிற இடத்தில் நர்ஸ் ஷூவைக் கழற்றச் சொன்னாள். தம்பி நகரவில்லை. அப்போதுதான் அவன் காலைக் கவனித்தேன். தொழிற்சாலை ஷூ! முன்பக்கம் இரும்புத் தகடு வைத்தது, ஒவ்வொன்றும் முக்கால் கிலோவாவது இருக்கும். செருப்பு மாட்டிக்கொண்டு வருகிறவன் அன்றைக்கு மட்டும் இதைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான்.

"திருட்டுப் பயலே" என்றேன். அவன் தரையைப் பார்த்தான். குனிந்து நானே கயிற்றை அவிழ்த்தேன். ஷூ இல்லாமல் ஏறி நின்றான். எண்கள் ஐம்பத்து மூன்றைத் தாண்டுவதும் இறங்குவதுமாக ஆடின. பிறகு நின்றன.

ஐம்பத்து மூன்று கிலோ நானூறு கிராம்.

நான் போட்ட சத்தத்தில் வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தம்பி நம்பாமல் இறங்கி மறுபடி ஏறினான். மறுபடியும் நானூறு. நான் டயட்டீஷியன் அறைக்கு ஓடிப்போய் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டேன், அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். டாக்டர் அட்டையைப் பார்த்துவிட்டு, இப்போதைக்குக் குழாய் வேண்டாம், இதே மாதிரி சாப்பிடட்டும் என்றார்.

அன்றைய கதிர்வீச்சும் முடிந்து ஆட்டோவில் திரும்பினோம். இரவுக்கு என்ன கொடுக்கலாம் என்று நான் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். அவன் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தான். சிக்னலில் வண்டி நின்றபோது என் பக்கம் திரும்பினான்.

"அக்கா, நாளைக்கு ட்ரீட்மென்ட்டுக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

பத்தரைக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.