ஒட்டுப்பால் சுற்றிய மோட்டார்

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு என்று நினைக்கிறேன். இலங்கையில், கேகாலைக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் பால்வெட்டும் பெண். சனி, ஞாயிறு மட்டும் டவுனில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் மின்சாரம், மின்னணு பகுதிநேரப் படிப்பு. வகுப்பில் நான் ஒருத்திதான் பெண், நான் ஒருத்திதான் தமிழ். பாடமெல்லாம் சிங்களத்தில். கடைத்தெருவில் சிங்களம் பேசி வெளுத்து வாங்குவேன், எழுதத்தான் முதுகு ஒடிந்தது.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு அப்போது கரண்டே கிடையாது. எங்களை வேலை வாங்கும் கங்காணி என்னைக் கண்டால் விடமாட்டார்.

"ஏன்டி, கரண்டு படிச்சி ரப்பர் மரத்துக்கு பல்பு மாட்டப் போறியா?"

எனக்குச் சுர்ரென்று ஏறும். ஆனால் சனிக்கிழமைகளில் என் மரங்களையும் சேர்த்து அம்மாதான் வெட்டினாள், அதனால் வாயை மூடிக்கொள்வேன். "இந்த வருசத்தோட முடிஞ்சிரும்மா" என்று அவளுக்குச் சொல்லியிருந்தேன். கடைசிச் செய்முறைப் பரீட்சையில் தவறினால் இன்னொரு வருடம் அவள் முதுகில்தான் ஏறும்.

பரீட்சையில் ஒரு மோட்டாரைப் பொருத்தி ஓடவைக்க வேண்டும். மூன்று கம்பிகளை ஒன்றாக முறுக்கி, மேலே டேப் சுற்றி மூடும் இடத்தில் என் டேப் தீர்ந்துவிட்டது. பக்கத்து மேசைப் பையனிடம் முழு ரோலே இருந்தது. கேட்க வாய் வரவில்லை. தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு டேப்புக்கும் வழியில்லை என்று நினைத்துவிடுவானே என்ற வீம்பு.

அப்போது செய்தேன் பாருங்கள் ஒரு வேலை! வெட்டுத்தழும்பில் வடிந்து காய்ந்த பாலை நாங்கள் ஒட்டுப்பால் என்போம். லயத்தில் குடை பிய்ந்தால் ஒட்டுப்பால், தண்ணீர் சுடவைக்கும் கேத்தலின் பிடி கழன்றால் ஒட்டுப்பால். என் சாப்பாட்டுப் பெட்டி மூடியைக்கூட அதில்தான் கட்டியிருந்தேன். கை தன் பாட்டுக்குப் பையில் போனது. மூடியில் இருந்ததை உருவி, கம்பி மேல் இழுத்து, இறுக்கிச் சுற்றிவிட்டேன்.

பரிசோதகர் வந்தார். குனிந்தவர் மூக்கைச் சுளித்தார்.

"மேக்க மொகக்த நங்கி?"

இது என்னம்மா என்று கேட்கிறார். அந்த நாற்றம் ரப்பர் ஊர்ப் பையன்களுக்குத் தெரியாதா? ஒருவன் "ஒட்டபாலு!" என்று கத்த, மண்டபமே சிரித்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அவர் சிரிக்கவில்லை. கரண்டு கசிகிறதா என்று பார்க்கும் மெகரை எடுத்து, கம்பியில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றினார். துளிக் கசிவில்லை. சிரிப்பு அடங்கிப்போனது. "இன்றைக்குத் தாங்கும். மோட்டார் சூடேறினால் இளகிவிடும். கழற்றிவிட்டு டேப் போடு, நேரம் இருக்கிறது" என்று சிங்களத்தில் சொன்னார். பிறகு, "டேப் இல்லையென்று ஏன் கேட்கவில்லை?" என்றார்.

பக்கத்து மேசைப் பக்கம் திரும்பினேன். நான் வாய் திறப்பதற்குள் அந்தப் பையன் ரோலை நீட்டினான். "மென்ன நங்கி." இந்தா தங்கச்சி என்கிறான். இதற்கா இத்தனை நேரம் செத்தேன்!

ஒட்டுப்பாலை எப்படிக் கழற்றப் போகிறாள் என்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். தினமும் விடியற்காலையில் மரத்துக்கு மரம் நேற்றைய ஒட்டுப்பாலை உரித்துவிட்டுத்தான் கத்தியே வைப்போம். நுனியை நெருடி எடுத்து ஒரே இழுப்பு. முழுசாகக் கையோடு வந்தது. பின்னாலிருந்து யாரோ விசிலடித்தார்கள். டேப் சுற்றினேன். பரிசோதகர் பொத்தானை அமுக்க, மோட்டார் உர்ரென்று ஓடத் தொடங்கியது. "ஹரி, ஹரி", சரி, சரி என்று தலையாட்டினார். மோட்டார் சத்தத்தைக் கேட்டு நான் அழுதே விட்டேன்.

பாஸான செய்தியைச் சொன்னதும் அம்மா, "அப்ப சனிக்கெழம ஒன் மரத்த நீயே வெட்டிக்க" என்றாள்.

சில வருடங்களில் லயத்துக்குக் கரண்டு வந்தது. எங்கள் வீட்டு வயரிங் என் கையால். அம்மா சுவிட்சைப் போட்டு, அணைத்து, மறுபடி போட்டாள். மறுநாள் காலையில் வாசலில் கங்காணி நின்றார்.

"தங்கச்சி, நம்ம வீட்டுக்கு எப்ப வர்றீங்க?"

"மரத்துக்கெல்லாம் பல்பு மாட்டி முடிச்சிட்டு வர்றேங்க" என்றேன். அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

இன்றும் வேலைக்குப் போகுமிடத்தில் ஏதாவது குறைந்து, கேட்க நா கூசினால், அந்த ஒட்டுப்பால் நாற்றம் மூக்கில் ஏறும். உடனே பக்கத்தில் இருப்பவரிடம் கையை நீட்டிவிடுவேன்.