ஏன் படகைப் பிடிக்கவில்லை?

மூன்று வருடங்களுக்கு முன்பு, சிங்கப்பூர் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது இது. ஆனால் அதன் ஆரம்பம் லிட்டில் இந்தியாவில், ஒரு சின்னத் தையல் கடையில்.

நான் சிறு வயதிலிருந்தே விளையாட்டுப் பைத்தியம். தொடக்கப்பள்ளியில் நீச்சல், உயர்நிலைப்பள்ளியில் ஓட்டம், வேலைக்குப் போன பிறகு சைக்கிள், கடைசியில் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்கிற டிரையத்லான். ஐம்பதைத் தொட்டதும் முழங்கால் மக்கர் செய்தது. சரி, இனி மற்றவர்களை ஓடவைப்போம் என்று பயிற்றுநர் ஆகிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ரவிக்கை தைக்கக் கொடுக்க அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண்மணி என் தோளை இரண்டு முறை அளந்தார்.

"என்னக்கா, தோளு இம்புட்டு அகலமா இருக்கு? தப்பா அளந்துட்டேனோன்னு பயந்துட்டேன்."

நீச்சல் அடிப்பேன் என்றேன். "அப்ப எலும்பு பெருசாகுமா, சதை பெருசாகுமா?" என்றார். சிரித்துவிட்டேன். அவருக்கு நாற்பத்து நான்கு வயது. கல்யாணமாகி தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவர், குவீன்ஸ்டவுனில் வீடு. தண்ணீரில் முழங்காலுக்கு மேல் இறங்கியதே இல்லையாம். இரண்டே வாரத்தில், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் பழக ஈசூன் நீச்சல்குளத்தில் என் வகுப்பில் வந்து நின்றார்!

உழைப்புக்குக் குறைவில்லை. ஆனால் கேள்வி இருக்கிறதே, அப்பப்பா! மூச்சை விட்டால் காதில் ஏன் சத்தம் கேட்கிறது? சைக்கிளிலிருந்து இறங்கியதும் கால் ஏன் கட்டை மாதிரி இருக்கிறது? கடலில் பக்கத்தில் நீந்துகிறவர்மேல் கை பட்டுவிட்டால் சாரி சொல்ல வேண்டுமா? முதலில் எனக்கே வேடிக்கையாகத்தான் இருந்தது. நாளாக ஆக எரிச்சல் வந்தது. எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. ஒருநாள், தண்ணீரில் ஐந்து பேர் காத்துக்கொண்டிருக்கும்போது அவர் மறுபடி வாயைத் திறக்க, நான் வெடித்துவிட்டேன்.

"கேள்விய விட்டுட்டு நீந்துங்க லா! உங்களால எல்லாரும் வெயிட் பண்றாங்க."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "சரிக்கா" என்றார். அதன்பிறகு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஆள் தேறிவிட்டார் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து, புதியவர்களுக்கான சின்ன டிரையத்லான் போட்டி ஒன்றில் அவரைச் சேர்த்துவிட்டேன். குளத்தில் அந்தத் தூரத்தை அவர் பலமுறை நீந்தியிருந்தார். கடலிலும் இரண்டு முறை பழக்கியிருந்தேன், அதுவும் கரையோரமாக. கரையில் நின்று அவருடைய ஆரஞ்சு நிறத் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் மிதவையைத் தாண்டினார். இரண்டாவது மிதவைக்குக் கொஞ்சம் முன்னால் தொப்பி நின்றுவிட்டது.

பாதுகாப்புக்காகச் சுற்றிக்கொண்டிருந்த கயாக் படகு ஒன்று உடனே அவர் பக்கத்தில் போனது. அப்பாடா என்றிருந்தது. ஆனால் அவர் படகைப் பிடிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு, கையையும் காலையும் அடித்து அதை விட்டு விலகிப் போனார். படகு இன்னும் நெருங்கியது. அவர் இன்னும் விலகினார். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. மூழ்கப்போகிற மனுஷி படகைப் பார்த்து ஏன் ஓடுகிறார்? யோசித்துக்கொண்டிருக்கும்போதே தொப்பி தண்ணீருக்குள் போய்விட்டது. மேலே வந்தது. மறுபடி போனது. படகில் இருந்தவர் எட்டி அவர் கையைப் பிடித்துத் தூக்கியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கரைக்குக் கொண்டுவந்தார்கள். இருமி இருமி உப்புத்தண்ணீரைக் கக்கினார். பயந்தவளுக்கு முதலில் கோபம்தானே வரும்? எனக்கும் வந்தது.

"படகு பக்கத்துலயே இருந்துச்சே, ஏன் புடிக்கல?"

"புடிச்சா அவுட்டுன்னு நெனச்சேன்க்கா."

"அப்படின்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. கேக்கலாம்னுதான் இருந்தேன். நீங்க திட்டுவீங்கன்னு..." என்று நிறுத்திக்கொண்டார்.

படகின் உதவியால் முன்னேறிப் போகாதவரை, அதைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இளைப்பாறலாம். அதுதான் விதி. நான் அதைச் சொல்லித்தரவே இல்லை. மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. இத்தனை வருடத்தில் ஒருநாளும் நான் படகைப் பிடித்ததில்லை. எனக்குத் தேவைப்படாதது இன்னொருவருக்கு உயிர் காக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்கக்கா, நல்லாத்தானே இருக்கேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். நான் திட்டிய நாளிலிருந்து கேட்காமல் விட்ட கேள்விகளை வரிசையாக எழுதிவைத்திருந்தார். பதினொன்று இருந்தது. நான்காவது கேள்வி: 'நடுக்கடலில் முடியலைன்னா படகைப் பிடிக்கலாமா?'

அதைப் படித்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். இரண்டுக்கு எனக்கே பதில் தெரியவில்லை. "உங்களுக்கே தெரியாதா!" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். இருவரும் சேர்ந்து தேடிக் கண்டுபிடித்தோம்.

அடுத்த வருடம் அதே போட்டியில் இரண்டு தடவை படகைப் பிடித்து இளைப்பாறி, சைக்கிளும் ஓட்டி, ஓடியும் முடித்து, கடைசி ஆளாக வந்து சேர்ந்தார். அவர் கழுத்தில் பதக்கம் விழுந்தபோது நான்தான் அதிகமாகக் கத்தியிருப்பேன்.

இப்போதெல்லாம் என் வகுப்பில் யாராவது ஓயாமல் கேள்வி கேட்டால் நான் நிம்மதியாக இருக்கிறேன். கேட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று மௌனமாகிவிட்டால்தான், நான் என்ன சொல்லித் தொலைத்தேனோ என்று எனக்குப் பயம் வருகிறது.