முழங்கால் உயரத்தில் ஒரு பொட்டு

ஹைட்ரஜன் மேலே போகும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும், அந்த வாயு கசிந்தால் கத்திக் காட்டிக்கொடுக்கும் மீட்டரை முழங்காலுக்குக் கீழே மாட்ட வேண்டும் என்று எழுதியவள் நான்தான்.

மலேசியாவில், பெட்டாலிங் ஜெயாவில் எனக்கு வேலை. பதினைந்து வருடமாகச் சமையல் வாயுக் கிடங்குகளுக்குப் பாதுகாப்பு விதி எழுதுவதும், நேரில் போய்க் குறை சொல்வதும்தான் பிழைப்பு. குறை சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெயரும் உண்டு. அதனால்தான் பச்சை ஹைட்ரஜனுக்கு, அதாவது சூரிய மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுக்கும் வாயுவுக்கு, விதி எழுதும் குழுவில் என்னையும் போட்டார்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் அதன் விதியில் மீட்டர் கீழேதான் இருக்கும். அந்த அட்டவணையை அப்படியே எடுத்து ஒட்டி, வாயுவின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு நான் சாப்பிடப் போய்விட்டேன். குழுவில் பன்னிரண்டு பேர் வாசித்தார்கள். காற்புள்ளியைக்கூட விடாமல் திருத்தினார்கள். இதை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

அந்த வரைவை வைத்தே கிள்ளானில் லோரிகளுக்கு ஹைட்ரஜன் நிரப்பும் நிலையம் ஒன்றைக் கட்டி, சோதனை ஓட்டமும் தொடங்கிவிட்டார்கள். என் தம்பி அங்கே டெக்னீஷியன். அவன் வேலைக்குச் சேர்ந்த அன்றே குழுவில் அதைச் சொல்லிவிட்டேன், தம்பிக்காக விதியை வளைத்தாள் என்று நாளைக்கு யாரும் வாய் திறக்கக் கூடாது என்று.

ஆயுத பூஜைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டான். முதலில் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைத்தெருவுக்குப் போய் மாலை வாங்கிக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். ஸ்பேனர் முதல் ஃபோர்க்லிஃப்ட் வரை எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். கம்ப்ரஸர் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். சுவரில் முழங்கால் உயரத்தில் இருந்த மீட்டருக்குக்கூடக் குனிந்து ஒரு பொட்டு வைத்திருந்தான் தம்பி. எனக்குச் சிரிப்பு வந்தது. மாட்டியிருக்கும் இடத்தைப் பார்த்தும் ஒன்றும் உறைக்கவில்லை.

பூஜை முடிந்து கற்பூரத் தட்டோடு அந்த அறையை நோக்கி வந்தான். நான் வாசலில் குறுக்கே நின்றேன்.

"உள்ள கொண்டு போகாத."

"எல்லா மிஷினுக்கும் காட்டியாச்சு கா. கம்ப்ரஸர் ஒண்ணுதான் பாக்கி."

"வெளியில இருந்தே காட்டு. கேஸ் இருந்தா?"

"மீட்டரப் பாரு, பச்சையாத்தான் இருக்கு. கேஸ் இருந்தா அது கத்தாதா? உங்க குழு எழுதுன ரூல்படிதான் மாட்டியிருக்கோம். சும்மா பயப்படாத லா."

அப்போதுதான் உறைத்தது. தட்டைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைக்கச் சொன்னேன். என் குரல் எப்படி இருந்ததோ, உடனே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான். நிலையத்தின் கையடக்க மீட்டர் ஒன்றை வாங்கி, துடைப்பக் கம்பின் நுனியில் கட்டி, வாசலில் நின்றபடியே உள்ளே கூரைப் பக்கம் நீட்டினேன். தகரத்துக்குக் கீழே போனதும் கத்த ஆரம்பித்தது. சுவரிலிருந்த மீட்டர் பொட்டும் பச்சை விளக்குமாக அமைதியாக இருந்தது. மணமில்லாத வாயு. பற்றினாலும் பகலில் அதன் தீ கண்ணுக்குத் தெரியாது. அந்த அறைக்குள்தான் என் தம்பி தினமும் எட்டு மணி நேரம் நிற்கிறான்.

இயந்திரத்தை நிறுத்தி எல்லோரும் கேட்டுக்கு வெளியே வந்தோம். ஒரு குழாய் இணைப்பில் சின்னக் கசிவு என்று பிறகு கண்டுபிடித்தார்கள்.

"இத இவ்ளோ கீழ மாட்டச் சொன்னது யாரு கா?" என்று கேட்டான்.

"நான்தான்."

குனிந்து தட்டை எடுத்தான். கற்பூரம் அணைந்திருந்தது.

"அப்ப நீயே மாத்து" என்றான். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மாற்றுவது அவ்வளவு லேசாக இல்லை. பொதுமக்கள் கருத்துச் சொல்லும் காலம் முடிந்து, ஆவணம் அச்சுக்குப் போகக் காத்திருந்தது. குழுத் தலைவர் தன்மையான மனிதர். இப்போதைக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பிவிடலாம், அடுத்த திருத்தத்தில் சத்தமில்லாமல் சரி செய்யலாம், உங்கள் பெயர் எதற்குக் கெட வேண்டும் என்றார். இன்னொருவர், எந்த எஞ்சினியருக்கும் இது தெரியாமலா இருக்கும் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கட்டியவரும் எஞ்சினியர்தான், விதியின் பக்கத்தில் அச்சாகியிருப்பதைப் பார்த்து மாட்டினார் என்றேன். சோதிக்க வருகிறவர் சுற்றறிக்கையைத் தேட மாட்டார், அந்தப் பக்கத்தையும் அளவு நாடாவையும்தான் கொண்டுவருவார், சரியாக மேலே மாட்டியவனைத்தான் தவறு என்பார் என்றேன். இதைத் திருத்தாமல் என் கையெழுத்து விழாது என்றும் சொன்னேன்.

திருத்தப் படிவத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. அதில் என் பெயரைப் போட்டு, பழைய அட்டவணையை நான் யோசிக்காமல் ஒட்டியதால் வந்த பிழை என்று எழுதினேன். எழுதும்போது வெட்கமாகத்தான் இருந்தது. மூன்று கூட்டங்கள் நடந்தன. நிலையத்தின் திறப்பு விழா தள்ளிப்போனது, அதைக் கட்டிய குத்தகையாளர் என் வணக்கத்துக்குப் பதில் சொல்வதை நிறுத்தினார். விதியில் மீட்டர் மேலே, கூரையடிக்கு ஏறியது. கூரை உச்சியில் வாயு வெளியேறத் திறப்பு வந்தது. பூஜைக் கற்பூரம் வேலிக்கு வெளியேதான் என்று நான் சேர்த்த வரியைப் பார்த்து ஒருவர் சிரித்தார். ஆயுத பூஜை அன்று எந்த நிலையத்துக்காவது போயிருக்கிறீர்களா என்று கேட்டேன். போனதில்லையாம். வரி அப்படியே நின்றது.

மறு வருடம் தம்பி மறுபடியும் கூப்பிட்டான். கேட்டுக்கு வெளியே மஞ்சள் பெயிண்டில் கட்டம் போட்டு, அதற்குள் கற்பூரம் ஏற்றினார்கள். பிறகு என்னைக் கம்ப்ரஸர் அறைக்குக் கூட்டிப்போனான். பழைய மீட்டர் இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. கூரையை ஒட்டிப் புதியது பச்சையாக எரிந்தது. அதன் கீழே ஏணியைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

"எல்லாத்துக்கும் பொட்டு வச்சாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி" என்று குங்குமக் கிண்ணத்தை நீட்டினான். "ஏறு கா. நான் பிடிச்சிக்கிறேன்."

ஏறினேன். சென்சாரில் படாமல் பெட்டியின் ஓரமாக வைத்தேன். கீழே இறங்கும் வரை தம்பி ஏணியிலிருந்து கையை எடுக்கவில்லை.