பதினேழாம் எண்ணின் இரத்த அழுத்தம்

ராஜபாளையத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பதினோரு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். ஒருநாள் டியூட்டி மாறும் நேரத்தில் எங்கள் டாக்டர் வந்தார். இரத்த அழுத்தத்துக்கான புது மாத்திரை ஒன்றைச் சோதிக்கும் ஆராய்ச்சியில் நம் மருத்துவமனையும் சேர்கிறது, நர்ஸ்களில் ஒருவர் வேண்டும் என்றார். எழுத்து வேலை கூடுமென்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். எனக்கு ஆசையாக இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு செல்போனிலேயே அதற்கான பாடம் படித்து, தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கினேன். ஆராய்ச்சிக் கோப்பின் முதல் தாளில் டாக்டர் பெயருக்குக் கீழே என் பெயரும் மாதிரிக் கையெழுத்தும் ஏறின.

ஆராய்ச்சியில் சேருகிறவர்களுக்குக் கோப்பில் பெயர் கிடையாது, எண்தான். பதினேழாம் எண் மம்சாபுரத்துக்காரர். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று விவசாயம் பார்த்தவர். ஒப்புதல் படிவத்தை அவருக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். "எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்" என்ற வரியை வேகமாக வாசித்துவிட்டு, "ஆனா நடுவுல மட்டும் விட்ராதீங்க அண்ணாச்சி, அம்புட்டும் வீணாப் போயிரும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவரும் சிரித்தபடி கையெழுத்துப் போட்டார்.

மாதம் ஒருமுறை வந்தார். இரண்டாவது முறை வந்தபோது, இடது பாதம் அவ்வப்போது மரத்துப்போகிறது என்றார். எழுதிக்கொண்டேன். நான்காவது முறை பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் சுற்றினபோது அது ஒரு சுற்று கூடுதலாகப் போனது. எடை பார்த்தால் ஆறு கிலோ குறைந்திருந்தது. "உடம்புக்கு முடியலையா அண்ணாச்சி?" என்றேன். "வேல கூடுதலும்மா" என்றார். தாடி வளர்ந்திருந்தது. குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. பாதம் இன்னும் மரத்துப்போகிறது என்றார். ஐந்தாம் முறையும் அதையே சொன்னார். மாத்திரை டப்பாவை எண்ணிப் பார்த்தேன், ஒன்றுகூடத் தவறவில்லை. முன்பெல்லாம் மாதத்துக்கு ஒன்றிரண்டை மறந்துவிடுவார்.

அதற்குப் பத்து நாள் கழித்து ஒரு காகிதத்தில் விட்டுப்போன விவரம் கேட்க அவருக்குப் போன் செய்தேன். எண் உபயோகத்தில் இல்லை என்றது. படிவத்தில் இருந்த இரண்டாவது எண்ணுக்குச் செய்தேன். அவருடைய மனைவி எடுத்தார்.

"அக்கா, அண்ணாச்சிகிட்ட செத்த நேரம் பேசணும்."



"யாரு சிஸ்டரா? அவிய தவறி ரெண்டு மாசம் ஆகப்போகுதேம்மா. கெணத்து மோட்டார் போடப் போனவிய அங்கனயே சாஞ்சிட்டாவ."

"போன வாரத்துக்கு முந்தின வாரம் வந்தாகளே. நாந்தான் பிரஷர் பாத்தேன்."

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. பிறகு போன் அணைந்தது.

வெளியே நல்ல வெயில். வார்டில் ஆட்கள் நடமாடிக்கொண்டிருந்தார்கள். என் முன்னால் கோப்பு திறந்து கிடந்தது. அவர் இறந்த பிறகு இரண்டு தேதிகளில் அவருடைய நாடித் துடிப்பை எண்ணி எழுதியிருந்தேன், என் கையெழுத்தோடு. உள்ளங்கையில் அந்தக் கையின் சூடு இருப்பதுபோல் தோன்றியது. எழுந்துபோய் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

டாக்டரிடம் சொன்னபோது நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டார். "ஒருத்தர் இறந்தது நமக்குத் தெரிஞ்சா இருபத்திநாலு மணி நேரத்துக்குள்ள நெறிமுறைக் குழுவுக்கும் ஆராய்ச்சி நடத்துறவங்களுக்கும் சொல்லியாகணும். முதல்ல அதச் செய்வோம். வந்தது யாருன்னு பொறவு பாப்போம்" என்றார்.

மறுநாள் பதினொரு மணி இருக்கும். பதினேழாம் எண் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அதே தாடி, போன முறை போட்டிருந்த அதே நீலச் சட்டை. டாக்டர்தான் பக்கத்தில் போய், "நீங்க யாரு?" என்று கேட்டார்.

"அவுக தம்பி" என்றார் அவர். "மதினி அழுதுகிட்டே சொன்னாக. அதான் வந்தேன்."

உள்ளே அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்தோம். கிட்டத்தில் பார்த்தும் அண்ணனின் ஜாடை அப்படியே இருந்தது.

"ஏன் இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"சாகுறதுக்கு முந்தின நாள் அண்ணன் மாத்திர டப்பாவ எங்கிட்ட காட்டுனாரு. 'ஏலே, இன்னும் மூணு மாசம் போவணும். நடுவுல விட்டா அந்த நர்ஸ் பிள்ளைக்குக் கெட்ட பேரு'ன்னாரு. கையெழுத்துப் போட்ட மனுசன். யாராவது முடிக்கணும்லம்மா."

அந்த நர்ஸ் பிள்ளை நான்தான்.

"மாத்திரையெல்லாம்?"

"நாந்தான் தின்னேன். ஒருநாளும் விடல."

"கால் மரத்துப்போகுதுன்னு அண்ணன் சொன்னதக் கேட்டுச் சொன்னீங்களா?"

அவர் என்னை நேராகப் பார்த்தார். "அண்ணனுக்கு அப்படி இருந்ததே எனக்குத் தெரியாதும்மா. எனக்கு மரத்துச்சு, சொன்னேன். இப்பவும் மரக்குது."

டாக்டர் அவரை முழுதாகப் பரிசோதித்தார். தேவையில்லாத மாத்திரையால் அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருந்ததைத் தவிர ஒன்றும் இல்லை. பாதத்தில் ஊசி முனை பட்டால் தெரிந்தது. மாத்திரை டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டோம்.

நெறிமுறைக் குழு என்னையும் டாக்டரையும் கூப்பிட்டு விசாரித்தது. படிவம் வாசித்த அன்று நான் சொன்ன வார்த்தையை நானே ஒப்புக்கொண்டேன். வேலையை விட்டு எடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அடையாள அட்டை பார்க்க வேண்டும், எல்லோருக்கும் ஒப்புதல் படிவத்தைத் திரும்ப வாசிக்க வேண்டும் என்றார்கள். வாசித்தேன். அந்த வரி வரும்போது நிறுத்தி, புரிந்ததா என்று கேட்டேன். இரண்டு பேர் விலகிக்கொண்டார்கள். வருத்தமாக இல்லை. அண்ணன் இறந்த பிறகு நான் எழுதிய இரண்டு தாள்களையும் கிழிக்க விதி இடம் தருவதில்லை. ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்திட்டேன். கோட்டுக்கு அடியில் இருப்பது இன்றும் தெளிவாகவே தெரிகிறது.

ஆறாவது முறைக்கான தேதியும் வந்தது. தம்பி காலையிலேயே வந்து உட்கார்ந்திருந்தார்.

"இனிமே வர வேண்டாம்னு சொன்னோமே அண்ணாச்சி."

"தெரியும்மா. வீட்ல இருக்க ஏலல. கால் தானா பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருச்சு."

எதையும் அளக்கவில்லை. எதையும் எழுதவில்லை. அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவர் எழுந்து, இடது காலை மெதுவாக ஊன்றி, மம்சாபுரம் பஸ்ஸுக்குப் போனார்.