இரண்டு பெட்டியும் ஒரு கரைவலையும்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணல்மாணலாக வரும், சிலது மறந்தும் போய்விட்டது. பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

என் மகள் கிளிநொச்சியில் கணினி வலையமைப்புப் படிப்பிக்கும் வேலைக்குக் கேட்டிருந்தாள். செய்முறைச் சோதனையில் தேறினால்தான் வேலை. அதற்காகப் பழைய ரௌட்டர் பெட்டிகள் இரண்டைக் குசினி மேசையில் வைத்துப் பழகினாள். பிரேம் ரிலே என்று ஒரு பழைய முறையாம். இப்போது பாவிப்பவர்கள் குறைவு, பாடத்தில் மட்டும் இருக்கிறது.

இரண்டு பெட்டிக்கும் நடுவே ஒரு கேபிள். அதன் இரண்டு முனையில் ஒன்று தாள முனை, அது செருகிய பெட்டிதான் தாளம் கொடுக்க வேண்டும். மகள் அதைக் குளொக் என்பாள். இது போக, ஒரு பெட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போல நிற்க வேண்டும், மற்றது அதனிடம் இணைப்புக் கேட்கும்.

மகள் எக்ஸ்சேஞ்ச் பெட்டியிலேயே தாளக் கட்டளையையும் அடித்தாள். பெட்டி ஏற்கவில்லை. கேபிளை முனை மாற்றிச் செருகினாள், ஓடியது.

"பாத்தீங்களே அம்மா, ரெண்டு வேலையும் ஒராள்தான் செய்யோணும்!"

அவள் அப்படி நினைத்ததில் புதுமை இல்லை. கொக்கிளாய்க் கரையில் என் மனிசன்தான் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி. ஆட்கள் கரைவலை இழுக்கும்போது அம்பாப் பாட்டுச் சொல்லித் தாளம் கொடுத்தவரும் அவரேதான். அதைப் பார்த்து வளர்ந்தவள் அவள்.

சோதனை அன்று நானும் போனேன். உள்ளே போகக் கூச்சம், திறந்திருந்த கதவடியில் வாங்குப் பலகையில் இருந்துவிட்டேன். அங்கே கேபிளை அசைக்க முடியாமல் சுவரோடு இறுக்கியிருந்தார்கள். தாள முனை மற்றப் பெட்டியில்.

"கேபிளில கை வைக்கப்படாது, பிள்ளை. இந்தப் பெட்டிதான் எக்ஸ்சேஞ்ச்" என்றார் சோதிக்க வந்தவர், மகளுக்கு முன்னால் இருந்ததைக் காட்டி.

மகளின் கை கேபிள் வரை போய் நின்றது. நான் செபமாலையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தேன். அவள் கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது. மற்றப் பெட்டியில் எதையோ அடித்தாள். திரும்பி வந்து இதிலும் அடித்தாள்.

"ஓடுது! எப்பிடி யோசிச்சனீர்?"

"அப்பாவுக்குத் தொண்டை அடைச்சாப்பிறகு கூலிக்கு வந்த அண்ணைதான் அம்பா சொன்னவர், சேர். அதுக்காக வலை அவருக்குச் சொந்தமாகுமோ? தாளத்தை முனை இருக்கிற பெட்டிக்குக் குடுத்தன். எக்ஸ்சேஞ்ச் எண்ட சம்மாட்டி வேலையை இதுக்குக் குடுத்தன்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப வலையில மீன் பட்டிட்டுது. திங்கட்கிழமை வேலைக்கு வாரும்."

ஆரோடும் கதையாத நான் எழும்பிப் போய் வாசல் காவலாளியிடம், "என்ர பிள்ளை பாஸ், தம்பி!" என்று சத்தமாகச் சொன்னேன்.

முனை, கட்டளை எல்லாம் சரியாக எழுதினேனோ தெரியாது. விஷயம் தெரிந்த யாராவது ஒருமுறை பார்த்துத் திருத்திவிடுங்கோ. வேலை கிடைத்ததை மட்டும் திருத்த வேண்டாம்.