நீ கேட்டதுதான் கேட்டாங்க

என் கணவர் பத்தொன்பது வருடம் வெல்டராக இருந்தார். எங்கள் ஊரில் கனரக வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில், காண்ட்ராக்டில். போன வருடம் காண்ட்ராக்ட் முடிந்தது, மறுபடி கூப்பிடவில்லை. மூன்று மாதம் வீட்டில் இருந்தார். பிறகு பெங்களூர் பக்கம் ஒரு கம்பெனியிலிருந்து இன்டர்வியூவுக்கு வரச் சொல்லிப் போன் வந்தது. அவருக்கு வயது நாற்பத்தாறு. அதுவரை இன்டர்வியூ என்று ஒன்றுக்குப் போனதே இல்லை.

பெங்களூரில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் எங்கள் மகள், என்னென்ன கேட்பார்கள் என்று என் போனுக்கு எழுதி அனுப்பினாள். "தினமும் நீ கேளும்மா, அப்பா சொல்லட்டும். பழகினா பயம் போயிடும்" என்றாள்.

ஊரிகத்தில் எங்களுடையது தங்கச் சுரங்கக் காலத்துப் பழைய லைன் வீடு. முன்னறையில் நான் கட்டிலில் உட்கார்ந்தேன். அவர் வெளியே போய், கதவைத் தட்டி, உள்ளே வந்தார். நான் சொல்லும் வரை நாற்காலியில் உட்காரவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உனக்கு இது தமாஷா இருக்குதா?" என்று எழுந்து போய்விட்டார். அன்று சாப்பிடக்கூட வரவில்லை. மறுநாளிலிருந்து நான் சிரிக்கவில்லை.

"உங்க பலவீனம் இன்னா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"நாலு பேர் எதிர்ல பேச வராதுங்க."

என்னிடம் அவர் 'ங்க' போட்டுப் பேசியது இன்டர்வியூவுக்கு முந்தைய அந்தப் பத்து நாட்களில்தான். போகப் போகப் பேச்சும் வந்தது. ஒருமுறை பெரிய வண்டியின் இரும்புச் சட்டத்தில் யார் கண்ணுக்கும் படாத விரிசலைத் தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்தே கண்டுபிடித்தாராம். அதிகாரிகள் வந்து பார்த்தார்களாம். இத்தனை வருடம் அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்திருக்கிறேன், இது எனக்குத் தெரியாது. "ஏன் சொல்லவே இல்ல?" என்றேன். "நீ கேக்கலியே" என்றார்.

இன்டர்வியூ அன்று காலை ரயிலுக்குப் போனார். சாயங்காலம் திரும்பினார்.

"இன்னா கேட்டாங்க?"

"நீ கேட்டதுதான் கேட்டாங்க. எல்லாத்துக்கும் சொன்னேன். அந்த விரிசல் கதைய ரெண்டு வாட்டி சொல்லச் சொன்னாங்க."

டீயைக் குடித்தபடி ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. நான் உடனே மகளுக்குப் போன் செய்து சந்தோஷப்பட்டேன்.

பத்து நாளாகியும் தகவல் இல்லை. ரேஷன் கடையில் அவரோடு முன்பு வேலை செய்தவரைப் பார்த்தேன். மைசூர் மைன்ஸ் பக்கம் இருப்பவர், அன்று இன்டர்வியூவுக்கு அவரும் போயிருந்தார்.

"உங்களுக்காவது போன் வந்துச்சா?" என்று கேட்டேன்.

"எங்கள உள்ளயே வுடல அண்ணி. நாப்பது தாண்டினவங்க வாணாம்னு கேட்லயே சொல்லிட்டாங்க. ரெண்டு பேரும் அப்பவே திரும்பிட்டோம். வர்ற வழியில அண்ணன் பங்காருபேட்டை ஸ்டேஷன்ல எறங்கி பெஞ்சுல உக்காந்துட்டாரு. கூப்பிட்டேன், சாயங்காலமா போறேன்னாரு."

அரிசியை வாங்கிக்கொண்டு நடந்தேன். வழியெல்லாம், அந்த பெஞ்சில் உட்கார்ந்து அவர் எனக்குச் சொல்ல வேண்டிய பதில்களைத் தயார் செய்துகொண்டிருந்ததே மனதில் ஓடியது. வீட்டில் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

பொங்கலுக்கு மகள் வந்தாள். சாப்பிடும்போது, "அப்பா, அவ்ளோ நல்லா பண்ணீங்களே, ஏன் கூப்பிடல? நானே போன் பண்ணிக் கேக்கட்டுமா?" என்றாள்.

அவர் கை தட்டிலேயே நின்றது.

"வாணாம்மா. அந்தக் கம்பெனியையே மூடிட்டாங்களாம்" என்றேன் நான்.

அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. மிச்சச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவ எழுந்து போனார்.

இப்போது ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கிரில் பட்டறையில் கேட்டுகளுக்கு வெல்டிங் செய்கிறார். அந்த நாளைப் பற்றி நாங்கள் இதுவரை பேசவில்லை.