ஸ்டூல் இருந்த பக்கம்

போன வாரம் பேத்திக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்தார்கள். பிள்ளை அழுது ஓய்ந்து தூங்கிப்போயிருந்தது. தொடையில் ஸ்பிரிட் வாடை இன்னும் போகவில்லை. வேர்க்கிறதே என்று மருமகள் அதன் மேல் பவுடரை வேறு கொட்டியிருந்தாள். வாங்கி மடியில் போட்டுக்கொண்டவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஸ்பிரிட்டும் பவுடரும் கலந்த அந்த வாசனை உங்களுக்குப் பச்சைப்பிள்ளை வாசனையாக இருக்கலாம். எனக்கு அது முதுகு வாசனை. என்னுடைய சொந்த முதுகு.

சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நான் காரைக்காலுக்கும் அம்பகரத்தூருக்கும் ஓடிய தனியார் பஸ் ஒன்றில் கண்டக்டர். பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோனது. மிச்சப் படிப்பையெல்லாம் பஸ்ஸில் ஏறி இறங்கிய ஜனங்களின் வாயிலிருந்துதான் படித்தேன். கீரைக்கட்டோடு ஏறும் ஒரு அம்மாள், "இது என்ன பஸ்ஸா, புளிப் பானையாய்யா? இப்பிடிப் போட்டு அமுக்குற!" என்பார். அதை நான் ஒரு மாதம் சொல்லித் திரிந்தேன். என்னுடைய சொந்த வசனம் ஒன்றே ஒன்றுதான்: "உள்ள போங்க, உள்ள போங்க, திரும்பி நில்லுங்க!" ஆட்களை ஒருக்களித்து நிற்கவைத்தால் இன்னும் பத்துப் பேரை ஏற்றலாம் என்பது என் கணக்கு. ஊரையே திருப்பிக்கொண்டிருந்தவனை மற்றவர்கள் திருப்பிப் போட வேண்டிய காலம் வந்தது பாருங்கள்.

ஒரு ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்ட பிறகு ஒரு நாள் எழுந்திருக்கப் பார்த்தேன், கால் என் பேச்சைக் கேட்கவில்லை. சாயங்காலத்துக்குள் கையும் விழுந்துவிட்டது. மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி, அம்மா என்னைக் காரைக்காலுக்குக் கொண்டுவந்து ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். வழியெல்லாம் அழுதவர், நான் வண்டிக்காரரிடம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்ததைக் கேட்டுவிட்டு, "எல்லாம் விழுந்துச்சு, இந்த வாயி மட்டும் விழுவேனாங்குது" என்று அழுகைக்கு நடுவே சிரித்ததும் நினைவிருக்கிறது.

பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, நரம்பு நோய், தானாகவே திரும்பி வரும், மாதக்கணக்கில் ஆகும் என்றார். அவர் சொன்னதை எனக்கு விளங்கும்படி சொன்னவர் ரெஜினா சிஸ்டர். வார்டுக்குப் பொறுப்பு அவர்தான். நர்ஸ் டிரெய்னிங் பெண்களுக்குப் பாடம் சொல்பவரும் அவர்தான். ஒல்லியான உருவம், கணீரென்ற குரல்.

"தம்பி, நரம்பு போனா திரும்ப வரும். தோலு போனா உன்னக் கொண்டுபோயிரும். ஒரே பக்கமாப் படுத்தே கெடந்தா எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவுல தோலு நசுங்கிப் புண்ணாவும். அந்தப் புண்ணு எலும்பு வரைக்கும் போவும். அதனால உன் நரம்ப சாமி பாத்துக்கட்டும், உன் தோல நாங்க பாத்துக்கிறோம்."

அதற்கு முன்பு என் முதுகைப் பற்றி யாரும் அவ்வளவு அக்கறையாகப் பேசியதில்லை. முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள் உண்டு, அது வேறு.

சிஸ்டர் அப்போது மேல்படிப்புக்காக ஒரு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஆராய்ச்சி என்றதும் கண்ணாடிக் குழாய், புகை என்றெல்லாம் நினைக்க வேண்டாம். பழைய காலண்டர் அட்டைதான் அவருடைய கருவி. அட்டையின் ஒரு பக்கம் 'வாசல்' என்றும் மறுபக்கம் 'கடல்' என்றும் எழுதி, கட்டிலின் கால்மாட்டில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார். வார்டிலிருந்து கடல் தெரியாது. கிழக்குக்கு எங்கள் ஊரில் கடல் என்று பெயர், அவ்வளவுதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு டிரெய்னிங் பெண் மணியடித்துக்கொண்டு வருவாள். 'வாசல்' என்றிருந்தால் ஆளை வாசலைப் பார்க்க ஒருக்களித்துப் போட வேண்டும். அடுத்த மணிக்கு அட்டையைத் திருப்பி, ஆளையும் கடல் பக்கம் திருப்ப வேண்டும். நர்ஸ்கள் எண்ணிக்கை கம்மி. கூட இருக்கும் சொந்தக்காரர்களுக்கே கற்றுக்கொடுத்துவிட்டால் புண் வராமல் காக்க முடியுமா? அதுதான் அவர் கேட்ட கேள்வி. பாதிக் கட்டில்களுக்கு அட்டை உண்டு, பாதிக்கு இல்லை. தினமும் காலையில் டிரெய்னிங் பெண்களோடு வந்து எல்லார் முதுகையும் பார்த்து, ஸ்பிரிட் தடவி, பவுடர் போட்டுவிட்டுப் போவார். நாங்கள் அதற்கு முதுகுப் பரேடு என்று பெயர் வைத்திருந்தோம்.

அம்மா அந்த வேலையை ஒரு நாளில் கற்றுக்கொண்டார். தோள், இடுப்பு, முழங்கால் மூன்றையும் பிடித்து ஒரே வீச்சில் உருட்டுவார். சிஸ்டரே டிரெய்னிங் பெண்களைக் கூப்பிட்டு, "இந்த அம்மா எப்பிடித் திருப்புறாங்க பாருங்கடி" என்று காட்டினார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

எனக்குக் கடல் பக்கத்துக் கட்டிலில் திருமலைராயன்பட்டினத்துக்காரர் ஒருவர் இருந்தார். மலாயாவில் கடை வைத்திருந்து திரும்பியவர். பக்கவாதத்தில் ஒரு பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. அவர் ஊர் முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல வார்டே அவரை நானா என்றது, நானும் அப்படியே கூப்பிட்டேன். பிள்ளைகளெல்லாம் அக்கரையில். அவரைப் பார்க்க யாரும் வருவதில்லை. மணியடித்தால் டிரெய்னிங் பெண்களே திருப்பிப் போடுவார்கள்.

எனக்கோ நேர்மாறு. கண்டக்டர் விழுந்துவிட்டான் என்ற செய்தி பஸ் போகும் வழியெல்லாம் பரவி, நான் டிக்கெட் கிழித்துக்கொடுத்த அத்தனை பேரும் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க வந்தவர்கள் போல வரிசையாக வந்தார்கள். கீரைக்கார அம்மாள் வந்தார், அம்பகரத்தூர் அம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டு குங்குமத்தோடு ஒரு குடும்பம் வந்தது. மீதிச் சில்லறைக்காக என்னோடு சட்டையைப் பிடித்துச் சண்டை போட்ட ஒருவர்கூட ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். "நீ எழுந்து வாய்யா, இன்னும் சண்ட பாக்கி இருக்குது" என்றார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு காலை முதுகுப் பரேடில் சிஸ்டரின் கை என் இடுப்பெலும்பின் மேல் நின்றுவிட்டது. விரலால் அழுத்தி எடுத்தார். மறுபடி அழுத்தி எடுத்தார்.

"என்ன சிஸ்டர்?" என்றேன்.

"செவந்திருக்கு. அழுத்துனா வெளுத்துட்டுத் திரும்ப செவக்கணும். இது வெளுக்கவே மாட்டேங்குது."

அதற்குப் பொருள் எனக்குத் தெரியும். கோடிக் கட்டிலில் இருந்த ஒருவருக்கு அப்படித்தான் சிவப்பாக ஆரம்பித்தது. கடைசியில் வீட்டுக்கே கொண்டுபோங்கள் என்று சொல்லும்படி ஆயிற்று. அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஒரு மணியக்கூட நான் விட்டதில்லம்மா, அந்த அம்மன் சத்தியமா" என்றார் சிஸ்டரிடம். சிஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியும். நானே பாத்திருக்கேன். அதான் எனக்கும் புரியல" என்றார்.

புரியாததற்குக் காரணம் இருந்தது. அட்டைக் கட்டில்களில் நன்றாகப் பார்த்துக்கொள்ள ஆளிருந்த எனக்குச் சிவப்பு. ஆளே இல்லாத நானாவின் முதுகு கண்ணாடி மாதிரி இருந்தது. நானா இதைக் கேட்டுவிட்டு, கோணிய வாயால், "ராசா முதுகு தங்கச்சி நமக்கு. பாக்கத்தான் ஆளில்ல" என்று அம்மாவிடம் சொன்னார். அந்த நிலையிலும் அம்மா சிரித்துவிட்டார்.

பெரிய டாக்டர் ரவுண்ட்ஸில் பார்த்தார். "கட்டிலச் சுத்தி எந்நேரமும் கூட்டம். விசிட்டரை எல்லாம் நிறுத்துங்க சிஸ்டர், தானா சரியாவும்" என்றார். எனக்குத் திக்கென்றது. கையும் காலும் இல்லாமல் கிடந்தவனுக்கு அந்த ஜனங்களின் பேச்சும் போனால் என்ன மிஞ்சும்? சிஸ்டர், "ஒரு ரெண்டு நாள் குடுங்க சார், என்னன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னார்.

அன்று சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் சிஸ்டர் வார்டின் மூலையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். மடியில் பஞ்சும் துணியும். ஏதோ மடிப்பதுபோல மடித்துக்கொண்டிருந்தார், கண் மட்டும் என் கட்டிலில். அட்டை 'கடல்' என்றது. நானும் கடலைப் பார்த்து, அதாவது நானாவைப் பார்த்து, ஒழுங்காகத்தான் படுத்திருந்தேன். திருநள்ளாற்றிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். வருகிறவர்கள் வாசல் வழியாகத்தானே வர வேண்டும்? அதனால் உட்காருகிற ஸ்டூல் எப்போதும் வாசல் பக்கம் கிடக்கும். அவர்கள் உட்கார்ந்தார்கள். என் முதுகு அவர்களுக்கு நேராக.

அம்மா பதறிப்போனார். "ஏண்டா, அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க, முதுகக் காட்டிக்கிட்டுப் படுத்திருக்கியே!" என்று சொல்லிக்கொண்டே தோள், இடுப்பு, முழங்கால் மூன்றையும் பிடித்து ஒரே வீச்சில் என்னை வாசல் பக்கம் உருட்டிவிட்டார். அட்டை கடலையே பார்த்துக்கொண்டு தொங்கியது. அவர்கள் போனதும் அடுத்தவர்கள் வந்தார்கள். அடுத்த மணியடித்தது. அட்டை 'வாசல்' என்று திரும்பியது. நான்தான் ஏற்கெனவே வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேனே! அம்மா என் போர்வையை மட்டும் சரிசெய்தார்.

மூலையில் சிஸ்டர் பஞ்சை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். பிறகு எழுந்து வந்தார். அம்மாவைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை.

"ஏம்மா, வந்தவங்களுக்கு முதுகக் காட்டக் கூடாதுன்னுதானே திருப்புறீங்க?"

"ஆமாம்மா. நாளைக்கு நாலு பேரு என்ன நெனப்பாங்க?"

"சரிதான். அப்ப அவங்கள அந்தப் பக்கம் வந்து உக்காரச் சொன்னா?"

சொல்லிவிட்டு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் எனக்கும் நானாவுக்கும் நடுவில் வைத்தார். அவ்வளவுதான். அம்மா வாயில் கைவைத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து மணியடித்தால் முதலில் ஸ்டூல் நகரும், பிறகு அட்டை, அதன் பிறகு நான். விசிட்டர் யாரையும் நிறுத்தவில்லை. சிவந்த இடம் மட்டும் மெத்தையில் படாதபடி சுற்றித் துணி மடித்து வைத்து, சிஸ்டர் சில நாள் பார்த்துக்கொண்டார். ஒரு காலையில் விரலை அழுத்தி எடுத்தவர், "வெளுக்குது!" என்று கத்தினார். டிரெய்னிங் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அழுத்திப் பார்த்தார்கள். தேர்வு எழுதியவன் நான், பாஸானது அவர்கள் என்கிற மாதிரி ஒரு சந்தோஷம். பாடத்தில் அவர்களுக்குப் புதிதாக ஒரு வரி சேர்ந்தது: "ஆளத் திருப்புறதுக்கு முன்ன ஸ்டூலத் திருப்பு."

இதில் யாரும் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. ஸ்டூல் கடல் பக்கம் இருக்கும்போது, உட்கார்ந்தவர்களின் முழங்கால் நானாவின் கட்டிலில் இடிக்கும். இடித்தவர்கள் மன்னிப்புக் கேட்பார்கள், அப்புறம் ஊர் கேட்பார்கள், அப்புறம் பேச்சு ஓடும். கீரைக்கார அம்மாள் ஒருநாள் கேட்டுவிட்டார்: "ஒங்களுக்குன்னு யாரும் இல்லியா பாய்?"

"இருக்காங்கம்மா, மலாயாவுல. இந்த ஸ்டூலு அதுவரைக்கும் எட்டாது" என்றார் நானா.

அந்த அம்மாள் அதன் பிறகு இரண்டு பொட்டலமாகப் பணியாரம் கொண்டுவந்தார். நானா மணிச் சத்தத்துக்குக் காத்திருக்க ஆரம்பித்தார். "தம்பி, ஒன் மூஞ்சி எப்ப நம்ம பக்கம் திரும்பும்? மனுசாளு வர்ற நேரமாச்சே" என்பார்.

தைக்கு மேல் என் விரல் அசைந்தது. பிறகு கால். அம்மா தோளைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தேன். மறுபடி பஸ்ஸில் ஏறியபோது, "திரும்பி நில்லுங்க" என்று கத்த வாய் வரவில்லை. "கொஞ்சம் திரும்பிக்கிறீங்களா" என்றேன். பஸ்ஸே சிரித்தது.

மதியம் வண்டி காரைக்காலில் நிற்கும் நேரத்தில் நானாவைப் பார்க்கப் போவேன். அவர் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறாரோ அந்தப் பக்கம் ஸ்டூலைப் போட்டுக்கொள்வேன். ஒரு மதியம் மெத்தை சுருட்டிக் கிடந்தது. சிஸ்டர் என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தார். முந்தின நாள் போய்விட்டார் என்றார். பட்டினத்திலிருந்து ஜமாத்துக்காரர்கள் வந்து கொண்டுபோனார்களாம்.

"கடைசி வரைக்கும் முதுகுல ஒரு சின்ன செவப்புகூட இல்ல தம்பி" என்றார் சிஸ்டர். அவர் கண் நிறைந்திருந்தது.

சிஸ்டர் பிறகு மாற்றலாகிப் போனார். எங்கே என்று தெரியவில்லை. அவருடைய ஆராய்ச்சியை யார் படித்தார்கள், அதில் ஸ்டூலுக்கு ஒரு வரியாவது கிடைத்ததா, அதுவும் தெரியாது. என் பஸ்ஸும் ஓடவில்லை, அந்தக் கம்பெனியும் இல்லை. அம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது. இப்போது யாரையாவது ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனால் வாசலிலேயே நிறுத்தி, கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள். உள்ளே இருப்பவர் எந்தப் பக்கம் பார்த்தால் என்ன?

பேத்தி மடியில் புரண்டு படுத்தாள். என் கை தானாக என் இடுப்பைத் தடவியது. அந்தச் சிவப்பு எந்தப் பக்கம் இருந்தது? இடமா, வலமா? மனைவியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு, இதுல என்னத்தப் பாக்குறது?" என்று போய்விட்டாள். வாசல் எனக்கு எந்தப் பக்கம் இருந்தது என்று தெரிந்தால் கணக்குப் போட்டுவிடலாம். அங்கே போய் நின்றுகூடப் பார்த்தேன். அந்த வார்டை இடித்துவிட்டார்கள். வண்டிகள் நிறுத்துகிறார்கள்.